வெளிவாசல் இல்லாத ஸ்விட்ச்

உட்காரச் சொன்னதற்கு நன்றி, ஐயா. நின்றுகொண்டே சொல்கிறேனே. சர்வர் அறையில் நாற்காலி கிடையாது, அந்தப் பழக்கம். இடையிடையே கொஞ்சம் நடப்பேன். தப்பிக்கப் பார்த்ததாக எழுதிவிடாதீர்கள். இந்தத் தொப்பைக்கு ஓட்டமெல்லாம் சரிப்படாது.

என் வேலை சுலபம். ஊரிலுள்ள கம்பெனிகளின் கணினிகளெல்லாம் எங்கள் கட்டடத்தில் இருப்பதாகச் சொல்வார்கள். உண்மையில் இருப்பது சில பெரிய சர்வர்கள்தான். ஒவ்வொன்றுக்குள்ளும் பல கணினிகள் தனித்தனியாக இருப்பதுபோல் ஒரு பாவனை. அவற்றை இணைக்கும் ஸ்விட்சும் பாவனையே. தொட்டுப் பார்க்க டப்பா இல்லை, திரையில் ஒரு கட்டமும் சில கோடுகளும் உண்டு. ஆனால் செய்தி வெளியே போக வேண்டுமானால் அந்த ஸ்விட்சை நிஜமான கேபிளோடு சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் உள்ளே இருப்பவை தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, உலகம் சௌக்கியமாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருக்கும். எங்கள் மேலதிகாரிகளின் கூட்டம் மாதிரி.

என் மனைவியின் தம்பியை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்தவனே நான்தான். எனக்கு வரும் என்றிருந்த தலைமைப் பதவி அவனுக்குப் போயிற்று. சந்தோஷம்தான். அன்று டீ குடிக்கும்போது எல்லோர் முன்னாலும் சொன்னான்.

"அத்தான், கேபிள் காலமெல்லாம் மலையேறிப் போச்சு. நீங்க என்னடான்னா இன்னும் டார்ச்சை வாயில கவ்விக்கிட்டு ரேக்குக்குப் பின்னாடி தவழ்றீங்க."

முதலில் சிரித்தவன் நான். "ஆமா மாப்ளே, இடுப்பு மாட்டிக்கிட்டா நீதான் இழுத்துவிடணும்" என்றும் சொன்னேன்.

மறுநாள் ஒரு முதியோர் இல்லத்தின் அழைப்பு மணிகளைப் புது ஏற்பாட்டுக்கு மாற்றினான். கட்டிலோரம் ஒரு பொத்தான். அமுக்கினால் எங்கள் சர்வருக்கு வரும். அங்கிருந்து நர்ஸின் கைபேசிக்குப் போகும். என் மாமியார் அந்த இல்லத்தில்தான் இருந்தார். மூச்சுத் திணறல். "எங்க பையனும் மாப்பிள்ளையும் பாத்துக்கற பொத்தான், அமுக்கினா பறந்து வந்துடுவாங்க" என்று அன்று காலையே பக்கத்துக் கட்டிலிடம் பெருமையடித்தாராம்.

பாராட்டு வாங்க அவன் கீழே போனபோது, அவன் கணக்கில் நுழைந்தேன். கடவுச்சொல் அவன் அம்மாவின் பெயர்; பாசக்காரப் பையன். நர்ஸ்களுக்குப் போகும் இணைப்பை, கேபிளோடு சேராத ஒரு ஸ்விட்சுக்கு மாற்றினேன். எல்லாம் சரியா என்று விசாரித்துக்கொண்டேயிருக்கும் கண்காணிப்புக் கணினியையும் அதற்குள்ளேயே வைத்தேன். அது பக்கத்துக் கணினியைக் கேட்கும், அது "சரி" என்னும், திரை பச்சையாகவே இருக்கும்.

யாராவது தண்ணீர் கேட்டு, யாரும் வராமல் புகார் சொல்வார்கள். இவனுக்குக் கொஞ்சம் வியர்க்கும். அவ்வளவுதான் நினைத்தேன்.

முதல் அழைப்பு மாமியாரின் அறையிலிருந்து வந்தது. என் திரையில் அறை எண் தெரிந்தது. பிறகு மறுபடியும். மறுபடியும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்தேன். மறுபடியும் போனேன்.

"என்ன அத்தான், கால்ல சக்கரமா? உக்காருங்க" என்று பக்கத்தில் வந்து நின்றான்.

"எல்லாம் நல்லாப் பாத்துட்டியா மாப்ளே?"

"பாக்கறதுக்கு என்ன இருக்கு? பச்சையாத்தானே இருக்கு."

நான் அவனுக்கு வாய்ப்புக் கொடுத்தேன், ஐயா. ஒரு சொடுக்கில் நானே மாற்றியிருக்கலாம். ஆனால் அவன் பார்த்துவிடுவானே. கொஞ்ச நேரத்தில் அறை எண் வருவது நின்றது. அதன்பிறகு என்னால் உட்கார முடிந்தது.

மாற்றம் அவன் கணக்கில் பதிவாகியிருந்ததால், தன் தவறு என்றே அவன் நம்பிவிட்டான். "அம்மாவ நானே கொன்னுட்டேன்" என்று சுவரில் முட்டிக்கொண்டான். ஒருத்தரும் திட்டவில்லை. என் மனைவி அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, "கை தவறிப் போச்சுடா, யாருக்கும் வர்றதுதான்" என்று தடவிக்கொடுத்தாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வீட்டுக்குள்ளேயே நடக்கிறேன். மனசாட்சிதான் உறுத்துகிறது என்று புரிந்தது. அதனால்தான் வந்தேன்.

எழுதுகிறவரிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள், ஐயா. கை தவறியது என்று போட வேண்டாம். ஒரு பிசிறில்லாமல் செய்த வேலை அது. பக்கத்திலேயே நின்றும் அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை.