புழு இருந்தால்தான் அசல்

“புழு இல்லாத தேன் எனக்கு வேணவே வேணாம்லா.”

சிராங்கூன் சாலைப் பேருந்து நிறுத்தத்தில் இது காதில் விழுந்ததும் கைப்பேசியிலிருந்து தலையை நிமிர்த்தினேன். சொன்ன அம்மாள் கையில் மல்லிகைப்பூவும் மளிகைப் பையுமாக நின்றார். பக்கத்தில் நின்ற பெண் மலேசியக் காட்டுத்தேன் வரவழைத்து விற்பவர் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

“இந்தத் தடவை தேனே வரலக்கா.”

“ஏன்? எப்பவும்போல அடையோட கொடு. உள்ள வெள்ளையா புழு தெரிஞ்சாதான் சீனிப்பாகு இல்லன்னு நம்பிக்கை.”

“அதுதான்க்கா வினையா போச்சு. காட்டுல வருஷா வருஷம் ஒரே மரத்துல தேனெடுக்கிறவங்க முன்னெல்லாம் தேன் இருக்கிற பக்கத்த மட்டும் அறுத்துட்டு, புழு இருக்கிற பக்கத்த விட்டுருவாங்க. மழை தப்பிப் பேஞ்சு பூ குறைஞ்ச வருஷத்துலகூட தேனீ திரும்பி வரும். நீங்கல்லாம் புழு கேட்டீங்க, நானும் முழு அடையையே அறுக்கச் சொன்னேன். இப்ப அந்த மரத்துல ஒரு கூடுகூட இல்லயாம்.”

“என்ன சொல்றே! புழுவ எடுத்தா தேனீக்கு என்ன?”

“அந்தப் புழு வளந்துதான்க்கா தேனீயாகுது.”

அம்மாளுடைய பேருந்து வந்து கதவைத் திறந்தது, அவர் ஏறவில்லை. அது போனதும் அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, எங்க அடுக்குமாடி புளோக் முழுக்க நான்தானேம்மா சொல்லி வெச்சேன், புழு பாத்து வாங்குங்கன்னு.”