ஆறுது, குடி

— காப்பியை எடுத்துக்கம்மா, ஆறுது. மம்சாபுரத்துல இருந்து ரெண்டு பேரும் பஸ்ஸேறி வந்திருக்கீங்க. எம்மெல்லே வீட்டுல வாய் நனைக்காமப் போனா ஊரு என்னையத்தான் பேசும். ஏன் வேலுத்தாயி, இந்தப் பிள்ளை மட்டும் தொடவே மாட்டேங்குது?

— அவ தொடமாட்டாய்யா. மில்லுல சேந்ததுல இருந்து அப்படித்தான்.

— அதென்ன பழக்கம்?

— யக்கா, அதெல்லாம் எதுக்கு…

— ஏட்டி ஜெயசித்ரா, சும்மா இரு. செத்த நேரம் கேளுங்கய்யா. நூல் மில்லுல ஒருத்தி பாத்ரூம் போனா பக்கத்து மிஷின்காரி ரெண்டையும் சேத்துப் பாக்கணும். இவ எம்புட்டுப் பேருக்குப் பாத்திருக்கா தெரியுமா? அந்து போன நூலை நாங்க திரும்பி வாரதுக்குள்ள ஒட்டி வச்சிருப்பா. எம் மக மாசமா இருக்கையில பாதி நேரம் அவ மிஷினையும் இவதான் ஓட்டுனா.

— கெட்டிக்காரிதான்.

— அந்தக் கெட்டிக்காரிக்குப் பாத்ரூம் போக ஒரு இடமில்லய்யா. திருநங்கைன்னு சொல்லிப் பொம்பளைக பக்கம் வாட்ச்மேன் விடமாட்டான். ஆம்பளைக பக்கம் போனா நாறப்பயலுவ கதவைத் தட்டித் தட்டிச் சிரிக்கானுவ. அதான் ஷிப்ட்டு முடியுந்தட்டும் பச்சைத் தண்ணி குடிக்கமாட்டா. கடைசியில கிட்னியில கல்லு. சுருண்டு போயி ஆஸ்பத்திரியில கெடந்தா.

— ஏம்மா ஜெயசித்ரா, மேனேஜர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான?

— சொன்னேன்யா. மறுநாள் கேட்டுலயே நிறுத்திட்டாக. இனிமே வேலை இல்லைன்னுட்டாக.

— அப்படிச் செய்யக்கூடாதுன்னு சட்டம் இருக்கே!

— இருக்குய்யா. மீறுன மில்லுக்காரனுக்குக் கொசு கடிச்ச மாதிரிகூட இல்லையே! அவனுக்கு உறைக்கிற மாதிரி ஒண்ணு கொண்டு வரணும்னு சட்டசபையில எந்திரிச்சுக் கேளுங்க. அதுக்குத்தான் வந்தோம்.

— இதுக்கு எந்திரிச்சா எங்க கட்சிக்காரனே கேலி பண்ணுவான் வேலுத்தாயி.

— கேலிதான? இவ தெனமும் அதுக்கு ஊடேதான நடந்து வேலைக்கு வந்தா! ஓட்டுக் கேட்டு வந்தப்ப உங்களுக்கு ஆரத்தி எடுத்தேன்ல, அந்தச் சூடத்துக்காவது எந்திரிங்க.

— வாய் மட்டும் குறையல உனக்கு.

— இன்னொண்ணும் கேளுங்க. இவளை நிறுத்துன அன்னைக்கு எங்க ஷிப்ட்டுப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் மிஷினை நிப்பாட்டிட்டு வெளிய வந்தோம். இவ என்ன சொன்னாங்கிறீக? ‘யக்கா, பாதியில விட்டா நூலு பாழாப் போயிரும், போயி ஓட்டுங்க’ங்கா!

— தொரத்துனவன் நூலுக்கா அழுத?

— நூலு என்னய்யா பாவம் பண்ணுச்சு?

— சரி. பேசுறேன். வர்ற கூட்டத்துலயே எந்திரிச்சுப் பேசுறேன். கேலி பண்றவன் பண்ணட்டும். இப்பவாவது அந்தக் காப்பியைக் குடி, தாயி.

— குடிக்கேன்யா. உங்க வீட்டுல நான் எந்தக் கதவுக்குள்ள போகலாம்னு அதுக்கு முந்திச் சொல்லிருங்க.