எழுத்துப் பட்டன் வச்ச ரெண்டு போன்

— இதுல எது கனம்?

— இதுதாங்க. மேல் மூடியைத் தள்ளினா பட்டனெல்லாம் வெளிய வருதே, இந்தத் தள்ளுற போன். அந்தக் குட்டை போன்ல பட்டன் திரைக்குக் கீழயே இருக்கு, தள்ளுற வேலையே இல்லை. ரெண்டையும் ரெண்டு கையில வச்சுப் பாருங்க.

— மீனைத் தூக்கிப் பாத்தே எடை சொன்ன கை இது. தள்ளுறது நூத்தம்பது கிராமுக்கு மேல. குட்டை நூறு, நூத்திப்பத்து.

— நூத்தறுபது, நூத்திப்பதினாறுன்னு எழுதிக் கொடுத்திருக்காரு.

— ஏலக்காரன் கணக்கு கிட்டத்தட்டத்தான் இருக்கும், தப்பா இருக்காது. யாரு எழுதிக் கொடுத்தது?

— எங்க செருப்புக் கடைக்கு எதுத்தாப்புல போன் ரிப்பேர் பண்றாரே, அவரு. ரெண்டும் பத்துப் பன்னெண்டு வருஷத்துக்கு முந்தினதாம். பிடிச்சதை வச்சுக்கிட்டு மத்ததைக் கொண்டாந்துடுங்கன்னாரு. இப்பல்லாம் யாரும் பட்டன் வச்சுப் பண்றதே இல்லையாம், எல்லாம் வெறும் கண்ணாடிதான்.

— அந்தக் கண்ணாடி போன்தான் எங்கிட்ட ஒண்ணு இருக்கே.

— இருக்கு. அதுல நீங்க உருப்படியா ஒரு வரி எழுதி நான் பாத்ததில்லை. ஐஸும் உப்பும் பட்டுப் பட்டு உங்க விரல் நுனியெல்லாம் காச்சுப்போச்சு. கண்ணாடி அதை விரல்னே ஒத்துக்க மாட்டேங்குது. பட்டன்னா அழுத்தினா அழுந்தும்.

— அழுந்தி?

— எழுதுவீங்க.

— எழுதி?

— ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்காதீங்க.

— உன் வாயால கேக்கணும்னு தோணுது. சொல்லு.

— ஆபரேஷனுக்கு அப்புறம் உங்களால பேச முடியாது. எழுதிக் காட்டுவீங்க, நான் படிப்பேன். போதுமா?

— ஆபரேஷன் பண்ணிக்கிறேன்னு நான் எப்ப சொன்னேன்?

— சொல்லலை. நாளைக்குள்ள சொல்லியாகணும். குரல்வளையோட சேத்து அந்தக் கட்டியை எடுத்துட்டா பொழைச்சுக்கலாம், இன்னும் தள்ளிப்போட்டா பரவிடும்னு டாக்டரம்மா நம்ம ரெண்டு பேரையும் உக்கார வச்சுத்தானே சொன்னாங்க. அன்னையிலேருந்து நீங்களும் பாக்கலாம் பாக்கலாம்னே ஓட்டிட்டிருக்கீங்க. சரி, அதை விடுங்க. இந்த ரெண்டுல கைக்கு எது அடக்கமா இருக்கு?

— அட.

— என்ன அட?

— இது உன் கடை வித்தையாச்சே. ஒரு ஜோடியைக் காட்டி வேணுமான்னு கேட்டா வேண்டாம்னுட்டுப் போயிடுவாங்க. ரெண்டு ஜோடியைக் காட்டி இதுவா அதுவான்னு கேட்டா எதையாவது ஒண்ணை எடுத்துடுவாங்க. வேலைக்குச் சேந்த புதுசுல நீதான் பெருமையாச் சொன்னே.

— வித்தைன்னே வச்சுக்கோங்களேன். போட்டுப் பாக்குறதால வாங்கித்தான் ஆகணும்னு இல்லை. போட்டுப் பாருங்க, கடிச்சா கழட்டிடலாம்.

— போனைச் செருப்பாவே ஆக்கிட்டே. சரி, சரக்கைப் பத்திச் சொல்லு. முதல்ல தள்ளுறது.

— திரை நல்லா அகலம், நாலு அங்குலம். தொட்டாலும் வேலை செய்யும், பட்டன்லயும் வேலை செய்யும். பட்டன் நாலு வரிசை, நம்பருக்குன்னு தனி வரிசை. கேமரா அஞ்சு மெகாபிக்சல். பேட்டரி ஆயிரத்து முந்நூறு, ஆனா அரை நாள்தான் தாங்கும். மூடியைக் கழட்டி வேற பேட்டரி மாத்திக்கலாம்.

— குட்டை?

— திரை சின்னது, ரெண்டரை அங்குலம் இருக்கும். தொட்டா ஒண்ணும் ஆகாது. நடுவுல பொத்தான் மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல விரலைத் தேய்ச்சா அம்பு நகரும். கேமரா ரெண்டு மெகாபிக்சல், அதுல எடுத்தா பனிமூட்டத்துல நிக்கிற மாதிரி இருப்போம். ஆனா பேட்டரி ரெண்டு நாள் வரும்.

— ரெண்டுலயும் தமிழ் வருமா?

— வருது. பட்டன் மேல இங்கிலீஷ் எழுத்துதான், ஆனா சத்தத்தை வச்சு அடிச்சா தமிழா விழுது. அவரு எப்படியோ ஏத்திக் கொடுத்திருக்காரு. தள்ளுற போன்ல எழுத்து பெருசாத் தெரியும். குட்டையில பொடிசு, எனக்குக் கண்ணாடி போட்டாத்தான் படிக்க வரும்.

— மறுபடியும் பேட்டரி எவ்வளவுன்னே?

— இப்பதானே சொன்னேன். ஒண்ணு அரை நாள், ஒண்ணு ரெண்டு நாள்.

— கோபப்படாதே. நீ சொன்னா கேக்க நல்லாயிருக்கு. வேற ஏதாவது குறை?

— குட்டையில மைக் சரியில்லையாம். நாம பேசுறது அந்தப் பக்கம் கரகரன்னு கேக்குமாம். அது பரவாயில்லைங்கன்னு சொல்லிட்டேன்.

— நான் சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே நீ பரவாயில்லைன்னுட்டே.

— வாய் தவறி வந்துடுச்சுங்க. கடையில நின்னு அதைச் சொல்லிட்டு, வெளிய வந்து படிக்கட்டுல உக்காந்துட்டேன்.

— சரி, சரி. முகத்தைத் துடை. தள்ளுறதுல வேற என்ன விசேஷம்?

— ஒண்ணு இருக்கு, நீங்க சிரிக்கக் கூடாது. எழுதினதை அதுவே படிச்சுச் சொல்லும். தமிழ்ல எழுதினா திருதிருன்னு முழிக்குது, இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா படிக்குது. இருங்க, போட்டுக் காட்டுறேன். கேட்டீங்களா?

— என்னது அது?

— "இங்க வா"ன்னு அடிச்சேன்.

— யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா மூக்கடைச்சுக்கிட்டு என்னமோ கேக்குறா. இந்தக் குரலை வச்சுக்கிட்டு நான் ஏலம் விடணுமா? இறால் கூடையைத் தூக்கி வச்சுட்டு இவளை விட்டுக் கூவச் சொன்னா, மார்க்கெட்டே வேலையை நிறுத்திட்டு வேடிக்கை பாக்கும்.

— ஏலத்தை வேற யாராவது விடட்டும். உங்களை எடை மேடைக்கு மாத்திக்கிறேன்னு முதலாளி சொன்னாருல்ல.

— கேளு. முப்பது வருஷமா அந்த மார்க்கெட்ல என் பேரு யாருக்கும் தெரியாது. வெண்கலத் தொண்டைன்னுதான் கூப்பிடுவாங்க, இப்ப சுருக்கி வெண்கலம்னு ஆக்கிட்டாங்க. தொண்டையை எடுத்துட்டா எதைச் சொல்லிக் கூப்பிடுவாங்க? எடை மேடையில ஒரு ஊமை உக்காந்திருப்பான். பாவம்னு சொல்லிட்டுப் போவாங்க.

— மார்க்கெட்டு என்ன வேணா சொல்லட்டும்.

— மார்க்கெட்டை விடு. பேத்தியை எடுத்துக்க. மூணு வயசு. தினம் சாயங்காலம் போன் போட்டுத் தாத்தா மீன் வித்துக் காட்டுன்னு கேக்குறா. அவளுக்கு ஒரு எழுத்து தெரியாது. நான் இதுல என்னத்தை அடிச்சுக் காட்டுறது?

— ரெண்டு வருஷத்துல படிக்கக் கத்துக்குவா.

— அதுவரைக்கும்?

— அதுவரைக்கும் நீங்க இருக்கணும். அவ முதல் வரி படிக்கிறப்ப அது நீங்க எழுதினதா இருக்கணும். எனக்கு அது போதும்.

— நல்லாப் பேசுறே.

— உங்ககூட இருந்து கத்துக்கிட்டதுதான். தண்ணி குடிங்க, தொண்டை கட்டுது.

— கட்டட்டும். கொடு, எழுதித்தான் பாக்கலாம். சும்மா எழுதினா வேகம் தெரியாது. நீ சண்டை போடு, நான் பதில் அடிக்கிறேன். முதல்ல தள்ளுறது.

— நினைச்சா சண்டை வருமா?

— உனக்கா வராது?

— ஈரத் துண்டை மறுபடியும் கட்டில் மேல போட்டிருக்கீங்க. எத்தனை தடவை சொல்றது? மெத்தையெல்லாம் ஈரவாடை. நேத்து கேஸை அணைக்காம வெளிய போயிட்டீங்க, பக்கத்து வீட்டம்மா வந்து கதவைத் தட்டினாங்க. மக போன் பண்ணினா எங்கிட்ட கொடுக்காம நீங்களே பேசி வச்சுடறீங்க. என்ன, பதிலைக் காணோம்?

— இரு, அடிச்சிட்டுத்தானே இருக்கேன்.

— வாயால பேசக் கூடாது. கையால. முடிஞ்சுதா? கொடுங்க. "துண்டு நான் போடலை." இதுக்கா இவ்வளவு நேரம்?

— அதைத்தான் சொல்றேன். நீ மூணாவது குத்தத்துக்குப் போயிட்டே, நான் இன்னும் துண்டுலயே நிக்கிறேன். இந்த வீட்ல இனிமே ஒரு சண்டைகூட என்னால ஜெயிக்க முடியாது.

— இதுவரைக்கும் எதுல ஜெயிச்சீங்க?

— அதுவும் நியாயந்தான். தள்ளுறதுக்கு ரெண்டு கை வேணும். இப்படிப் புத்தகம் மாதிரி பிடிச்சுக்கிட்டு, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அடிக்க வேண்டியிருக்கு. நீ என்ன முகத்தோட திட்டுறேன்னே தெரியலை. குட்டையைக் கொடு. எங்க எந்த எழுத்து இருக்குன்னு விரலுக்குப் பழகட்டும்.

— ஒவ்வொரு பட்டனும் கொஞ்சம் மேடு கட்டியிருக்கு, தடவிப் பாருங்க. பழகினா பாக்காமலே அடிக்கலாம்னாரு.

— ம். இப்ப பேசு. சண்டை வேண்டாம், வேற ஏதாவது சொல்லு.

— என்ன சொல்றது?

— எங்கிட்ட சொல்லாதது ஏதாவது.

— அப்படி ஒண்ணுமில்லை. ஒண்ணு இருக்கு, சொன்னா கேலி பண்ணுவீங்க. காலைல வேலைக்குப் போறப்ப பஸ் மார்க்கெட் முனையில நிக்கும்ல. மழை பெஞ்சாலும் நான் அந்த ஜன்னலைத் திறந்துடுவேன். ஒரு தரம், ரெண்டு தரம்னு உங்க சத்தம் உள்ளயிருந்து வரும். பக்கத்து சீட்டுக்காரங்க திட்டுவாங்க. இன்னைக்குக் குரல் நல்லாயிருக்கு, இன்னைக்குச் சளி பிடிச்சிருக்குன்னு எனக்குள்ள நானே சொல்லிக்குவேன். இந்தக் கரகரப்பைக்கூட உங்களுக்கு முன்னாடி நான்தான் கண்டுபிடிச்சேன். அந்தக் குரல் போறது எனக்கு மட்டும் சும்மாவா? ஆனா அது இல்லாட்டி ஜன்னலை மூடிக்கிட்டுப் போயிடுவேன். நீங்க இல்லாட்டி சாயங்காலம் நான் எங்க வந்து இறங்குறது? ஏன் சும்மா இருக்கீங்க?

— படி.

— எப்ப அடிச்சீங்க? குனியவே இல்லையே. இருங்க, கண்ணாடி எங்க வச்சேன்... "நீ அழுதா மூக்கு சிவக்குது." இதைத்தான் எழுதினீங்களா?

— உன் முகத்தைப் பாத்துக்கிட்டே அடிச்சேன். ரெண்டு எழுத்து தப்பா விழுந்திருக்குமே?

— விழுந்திருக்கு. அதைத் திருத்தித்தான் படிச்சேன்.

— குட்டைக்கு விரல் பழகுது. ஆனா அந்த வெள்ளைக்காரம்மா இதுல வர மாட்டாளே.

— வராட்டி நானே படிச்சுட்டுப் போறேன். கடைக்காரர்கிட்ட, பஸ்ல, மககிட்ட, எங்க வேணும்னாலும் நீங்க எழுதிக் கொடுங்க, நான் படிக்கிறேன்.

— நீ படிச்சா நான் எழுதினது அப்படியேவா வரும்? நடுவுல நாலு வார்த்தை உன்னோடதா இருக்கும்.

— இருக்கும். நல்லதா நாலு வார்த்தை சேத்துச் சொல்லுவேன்.

— சேத்துக்கோ. சரி, தள்ளுறதுல மெமரி எவ்வளவுன்னு சொன்னே?

— போதுங்க. அதை நான் சொல்லவே இல்லை, நீங்களும் கேக்கலை. எவ்வளவுன்னு தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க? எடை கேட்டீங்க, பேட்டரி ரெண்டு தடவை கேட்டீங்க, சண்டை போடச் சொன்னீங்க, எல்லாத்துக்கும் ஆடினேன். என் வித்தை உங்ககிட்ட பலிக்கலை. எனக்கும் இதுக்கு மேல பேசத் தெம்பு இல்லை. ரெண்டையும் காலைல திருப்பிக் கொடுத்துடறேன்.

— தள்ளுறதை மட்டும் கொடுத்துடு.

— என்ன சொன்னீங்க?

— குட்டை இருக்கட்டும். அது கடிக்கலை.

— விளையாடாதீங்க. நிஜமாவா? ஆபரேஷனுக்குச் சரியா? அப்ப விடுங்க கையை, முதல்ல டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுடறேன். நாளைக்கு மனசு மாறிடுவீங்க.

— யாருக்கும் போட வேண்டாம், உக்காரு. மத்தியானமே நேர்ல போய்ச் சரின்னு சொல்லிட்டேன், காலைல வந்து சேரச் சொல்லிட்டாங்க, வந்ததும் அதை உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அழுதுக்கிட்டே பை கட்டப் போயிருப்பே, முடியாதுன்னு முரண்டு பிடிச்சாத்தான் பக்கத்துல உக்காந்து இவ்வளவு நேரம் என்னைப் பேச வைப்பே.