மூன்றாம் மாடியிலிருந்து வந்த அழைப்பு

பட்டுக்கடையின் அவசர போன் கேபிளில் எந்தக் குறையும் இல்லை, சார். தீயில் லைன் அறுந்துவிட்டது என்று முதல் நாள் விசாரணையில் நான் சொன்னது பொய். அதை இழுத்தவனே நான்தான். உள்ளே தலைமுடி கனத்தில் கண்ணாடி இழை, அதைச் சுற்றி மைக்கா, வெளியே தீ தாங்கும் உறை. மாடி எரிந்தாலும் பேச்சு போய் வரும். இந்தப் பட்டுக்கடை முதலாளி தயங்கியபோது, நானும் அன்பரசுவும் ஒரு துண்டை அவர் எதிரிலேயே அடுப்புத் தீயில் காட்டியபடி அதன் வழியாகப் பேசிக் காட்டினோம். மனிதர் அசந்துபோனார்.

அன்பரசு என் கூட்டாளி. ஐ.டி.ஐ.யில் ஒரே பெஞ்சு. நான் தெள்ளார்ப் பக்கம், அவன் ஆரணி டவுன். நாங்கள் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோம், பூச்சி பொட்டு செத்துவிடக் கூடாதே என்று. வெளியூர் வேலைக்குப் போனால் அவனும் எனக்காக வெளிச்சத்திலேயே சாப்பிட்டுவிடுவான். அவ்வளவு ஒட்டுதல்.

போளூரில் ஒரு மண்டப வேலையில் எங்கள் ஆள் திருமலை சாரத்திலிருந்து விழுந்து இறந்தார். பாதுகாப்பு பெல்ட் போடாமல் அவரை மேலே ஏற்றியது அன்பரசு. நான் அன்று ஆரணியில் இருந்தேன். விசாரணைக்கு முன்னால் அவன் என் வீட்டுக்கு வந்தான்.

"ரெண்டு பேருமே பொறுப்புன்னு சொல்லிடலாம் ஹேமு. பாதிப் பாதியா தாங்கிக்கலாம்."

நான் அப்படியே சொன்னேன். என் முறை முடிந்து அவன் முறை வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. வேலைய பாத்துகினது ஹேமசந்திரன்தான்" என்றான். என் முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னான்.

ஜெயிலுக்குப் போனேன். லைசென்சும் போனது. வெளியே வந்தபோது வாசலில் வண்டியோடு நின்றிருந்தான். "உன்ன வுட்டுடுவனா நானு" என்று சொல்லி, இந்தக் கடையின் கண்காணிப்பு அறையில் வேலை வாங்கிக் கொடுத்தான். நான் இழுத்த கேபிளின் முனையில் என்னையே உட்கார வைத்தான். நன்றி சொன்னேன். கோபமெல்லாம் எனக்கு இல்லை, சார்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம் நெரிந்த அன்று பேட்டரி அறையில் தீப்பிடித்தது. அதை நான் வைக்கவில்லை; உங்கள் ஆட்களே சொல்லிவிட்டார்கள். மைக்கில் பதற்றமில்லாமல் அறிவித்து வாடிக்கையாளர்களை வெளியே அனுப்பியது நான். அவர்களில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

அன்பரசு அவசர போன்களைச் சோதிக்க மூன்றாம் மாடிக்குப் போயிருந்தான். அவனுடைய செல்போன் என் மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. அவசர லைனின் சிவப்பு போன் அடித்தது.

"ஹேமு, ஒரே பொகையா கீதுடா. எந்தப் படியில எறங்கறது?"

என் எதிரில் கேமராத் திரை இருந்தது. கிழக்குப் படியில் கரும்புகை. மேற்குப் படியில் ஒன்றுமே இல்லை.

"அங்கயே இரு. கதவ சாத்திக்கோ. ஆளுங்க மேல வந்துகினு இருக்காங்க" என்றேன்.

"சரிடா" என்று வைத்துவிட்டான். மறுபேச்சு இல்லை.

தீயணைப்பு அதிகாரி என் ஜன்னலுக்கு வந்து, மேலே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். "யாரும் இல்லைங்க, எல்லாரும் எறங்கிட்டாங்க" என்றேன். அப்போது மேஜைமேல் அவன் செல்போன் அடித்தது. அகல்யா என்று பெயர் தெரிந்தது. அவன் மனைவி. அடுத்தவர் போனை எடுக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அவன் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். ஒவ்வொரு முறையும் எடுத்தேன். அடிக்கவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. "வந்துகினு இருக்காங்களா?" என்பான். "படிகிட்ட வந்துட்டாங்க" என்பேன். கொஞ்ச நேரத்தில் மேற்குப் படியிலும் புகை ஏறியது. அதையும் திரையில் பார்த்தேன்.

முனியம்மா அவனோடு இருந்தது தெரியாது என்று சொல்லியிருந்தேன். தெரியும். கடையைப் பெருக்கித் துடைப்பவர். அந்த லைனில் இரைச்சலே இருக்காது. பக்கத்தில் நிற்பவர் மூச்சுகூடக் கேட்கும். அவர் இருமியது கேட்டது. "இந்தம்மாவுக்கு முடியலடா, ஜல்தி அனுப்பு" என்றான். தினமும் காலையில் என் கதவருகே நின்று "சாப்ட்டியா நைனா?" என்று விசாரிக்கிற பெண்பிள்ளை. முதல் முறை அந்த இருமல் கேட்டபோது மேற்குப் படி இன்னும் தெளிவாகத்தான் இருந்தது. அவருக்காகச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். ஆனால் அவர் மட்டும் தனியாக இறங்கமாட்டாரே. அவனும் கூட வந்துவிடுவானே.

கடைசியாகப் பேசியபோது அவன் குரல் இறங்கிவிட்டது. "நீ அங்க கீறன்னுதான் தைரியமா கீறன்டா" என்றான். "இருக்கேன்டா" என்றேன். நான் வைக்கவில்லை. அந்தப் பக்கம் சத்தம் நிற்கும்வரை ரிசீவரைக் காதிலேயே வைத்திருந்தேன்.

எழுதிக்கொள்ளுங்கள், சார். இரண்டு பேரும் என்னால்தான் செத்தார்கள். கொலை என்றே போடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நம்பிக்கைத் துரோகம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அது அன்பரசு செய்தது.