கம்பியில்லாமல் எரிந்த குழல்விளக்கு

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தொழிற்சங்கத் தலைவர் அவர்களே! அழைப்பை மறுக்க முடியாமல் வந்து, நாற்காலி நுனியில் அமர்ந்திருக்கும் மேலாளர் அவர்களே! முன்வரிசை மூத்தோரே! உழைத்துக் களைத்தும் உறங்காமல் வந்திருக்கும் தாய்மார்களே! "ஸ்பானரு, சீக்கிரம் முடிய்யா!" என்று இந்த மெக்கானிக்கைப் பின்னாலிருந்து வாழ்த்தும் குறும்புக்காரர்களே! வணக்கம்.

சுற்றி வளைக்கமாட்டேன். நம் மழைக்கோட்டுத் தொழிற்சாலையில், பிளாஸ்டிக் ஒட்டும் ஆறு இயந்திரங்களின் உலோகக் கவசங்களைக் கழற்றினார்கள். கை மரத்துப்போகிறது என்று அழுத பெண்களிடம், "வயசாச்சும்மா" என்றார் ஆலை மருத்துவர். இதுதான் நடந்த அநீதி.

அந்த இயந்திரத்தில் ஊசி உண்டா? நூல் உண்டா? நெருப்பு உண்டா? இல்லை! கண்ணுக்குத் தெரியாத ரேடியோ அலைதான் பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுகிறது. கவசம் இருந்தால் அலை அடங்கும்; ஆனால் கை சற்றே வளைந்து போகவேண்டும். ஒரு மழைக்கோட்டுக்கு நான்கு நொடி கூடுதல். அந்த நான்கு நொடிக்காகக் கவசம் போனது.

இதை எனக்குக் காட்டியது பட்டம் பெற்ற நிபுணரா? இல்லை, ஒரு பழைய டியூப்லைட்! எலக்ட்ரீஷியன் அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மூன்றாம் இயந்திரத்தைக் கடந்தார். அதில் வேலை பார்க்கும் என் தங்கை பெடலை மிதித்தாள். கம்பியில்லை, ஹோல்டரில்லை, தோளிலேயே விளக்கு எரிந்தது!

"ஐயோ, பேய்டா!" என்று எலக்ட்ரீஷியன் அலறினார்.

"பேயுமில்ல, பிசாசுமில்ல. ஓடாத, இன்னொரு தடவ நில்லு" என்றேன்.

தங்கை மெல்லக் கேட்டாள்: "அண்ணே, லைட்டுக்கே இந்தப் பாடுன்னா, என் கைக்கு?"

அந்தக் கேள்வி என்னை நான்கு ஆண்டுகள் நூலகத்தில் உட்காரவைத்தது. அகராதி ஒரு கையில், புத்தகம் மறு கையில். வலுவான அலை உடம்புக்குள் வெப்பமாக மாறுகிறது. தோல் சுட்டால் உடனே துள்ளுவோம். ஆழத்தில் சுட்டால் தெரிவதேயில்லை. பிறகுதான் விரல்நுனியில் எறும்பு ஊர்கிறது, மரத்துப்போகிறது. நரம்பு சொல்லாவிட்டால் மூளைக்கு ஏது சேதி?

என்ன கேட்கிறீர்கள்? "அப்ப என் செல்போனு?" நல்ல கேள்வி, தம்பி! அதன் வலு மிகக் குறைவு. நெடுங்காலத்தில் மூளையை என்ன செய்யும் என்று இன்னும் ஆராய்கிறார்கள். தெரியாததைத் தெரியும் என்று இந்தக் கிழவன் சொல்லமாட்டான். தெரிந்ததை மறைக்கவும் மாட்டான்!

விளக்கு எரிந்த அன்றே, அந்தக் குழலை ஏந்தி இயந்திரத்தைச் சுற்றிவந்தேன். எரிந்த இடமெல்லாம் சாக்பீஸ் கோடு போட்டேன். கோட்டுக்குள் இருந்தது எது? என் தங்கையின் நாற்காலி! கவசத்தை எடுத்து மாட்டினேன், குழல் அணைந்தது. மறுநாளே, "கழட்டுங்க" என்று உத்தரவு. மறுத்தேன். கவசங்கள் கிடக்கும் கிடங்குக்கே என்னைக் காவலாக மாற்றினார்கள்!

போன மாதம் தங்கை கொதிக்கும் டீ டம்ளரை இறுகப் பிடித்தபடி என்னைக் கேட்டாள்: "அண்ணே, இது சூடா இருக்கா?" அவள் விரல்கள் கொப்பளித்திருந்தன.

முதன்முதலில் அந்தக் கவசத்தைக் கழற்றிய கை யாருடையது? கைதட்டாதீர்கள். என்னுடையது! சொன்னவர் மேலாளர், ஏன் என்று கேட்காமல் கழற்றியவன் நான். என் கைக்கு இன்னும் சூடு தெரிகிறது. அவள் கைக்குத் தெரியவில்லை.

ஆகவே, மேலாளர் அவர்களே, கிடங்குச் சாவி என் இடுப்பில். அனுமதி உங்கள் பேனாவில். இந்த மேடையிலேயே கையெழுத்திடுங்கள். ஆறு கவசங்களையும் நாளைக் காலை நானே மாட்டுகிறேன். தலைவர் அவர்களே, அலையை அளக்கும் கருவியோடு தொழிற்சாலை ஆய்வாளரை வரவழையுங்கள். அவர் அறிக்கையை வாசற்கதவில் ஒட்டுங்கள். ஆலை மருத்துவர் அவர்களே, அந்த ஆறு இயந்திரங்களில் உழைக்கும் பதினொரு பெண்களுக்கும் நரம்புப் பரிசோதனை செய்யுங்கள். வயதைக் கேட்குமுன் விரலைப் பாருங்கள். தாய்மார்களே, கவசம் இல்லாத இயந்திரத்தின் பெடலில் கால் வைக்காதீர்கள். நான்? தங்கையின் டீயை முதலில் தொட்டுப் பார்ப்பேன்.

கேட்ட காதுகளுக்கு நன்றி. மரத்துப்போன விரல்களுக்கு என் வணக்கம்.