முன்சுவர் கழுவிய ஞாயிறு

செம்பூரில் வெள்ளைச் சுவரை வெள்ளையாக வைத்திருப்பது லேசான வேலை இல்லை. ஆலைப் புகைக்கு விடுமுறை கிடையாது. மழைக்காலம் முடிந்ததும் கரியும் பாசியும் சேர்ந்து சுவர் மேல் ஒரு தோல் போலப் படிந்துவிடும். துடைப்பத்தால் தேய்த்தால் சுண்ணாம்பு வரும், கரி வராது.

நான் வேலை செய்யும் டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் லாரியின் அடிப்பாகத்தைக் கழுவ ஒரு பம்ப் உண்டு. தண்ணீர் ஊசி மாதிரிப் பாயும். காய்ந்து இறுகிய சேறும் பெயர்ந்துவிடும். அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கினேன். கிறிஸ்துமஸ் கேரல் பாடுகிறவர்கள் வருவதற்குள் முன்சுவர் சுத்தமாக வேண்டும் என்றேன். பொய் இல்லை. சுத்தமாகத்தான் வேண்டியிருந்தது.

இதை நேற்றே உங்களிடம் வாயால் சொன்னேன், இன்ஸ்பெக்டர் சாகிப். டீ வரவழைத்துக் கொடுத்தீர்கள். துக்கத்தில் பேசுகிறேன் என்று சொல்லி, கான்ஸ்டபிள் துணையோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் ஸ்டேஷனில் கான்ஸ்டபிள் நயினாருக்குத் தமிழ் படிக்கத் தெரியும்; உங்களுக்குப் படித்துச் சொல்வார்.

லாக்கப்பில் நீங்கள் வைத்திருக்கும் எலெக்ட்ரீஷியன் அப்துல் ரவூப் குற்றமற்றவர். அவருக்காகத்தான் வந்தேன். அவர் இழுத்த வயரில் எந்தக் குறையும் இல்லை.

டிசம்பர் பிறந்ததும் வீட்டு முகப்பில் காகித நட்சத்திரம் கட்டி, உள்ளே பல்பு எரியவிடுவது எங்கள் வழக்கம். போன வருடம் நான் கட்டினேன். ஃபியூஸ் போய்விட்டது. என் மனைவி ஜெயசீலி மாடி வராந்தாவில் நின்றுகொண்டு, கீழ்வீட்டு ஏஞ்சலம்மாளுக்கு அதைச் சொன்னாள்.

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்ச மாப்பிள்ளைன்னு எங்கப்பா பெருமையா கட்டிக் குடுத்தாவ, அக்கா. ஒரு பல்பு எரியல."

"பெறவு என்னட்டி செஞ்ச?"

"சாயபுவைக் கூப்பிட்டேன். அவரு மூணாங்கிளாசு. வந்தாரு, எரிஞ்சிட்டு. இவியளுக்கு நியூட்டனைத் தெரியும், ஃபியூஸைத் தெரியாது."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அது கோயில் வாசலுக்குப் போனது, ரேஷன் வரிசைக்குப் போனது. வீட்டில் ரேடியோ கரகரத்தால், "சாயபுவைக் கூப்பிடட்டா?" என்பாள். கெட்ட எண்ணத்தில் சொன்னதில்லை. ஜெயசீலி நல்ல பெண். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

இந்த வருடம் நட்சத்திரம் கட்ட நேராக அப்துல் ரவூபையே அழைத்தாள். என்னை ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அவள் மீன் வாங்கப் போயிருந்தபோது, வராந்தாவின் இரும்புக் கைப்பிடியில் வயர் படும் இடத்தில் அதன் ரப்பரைச் சுரண்டினேன். மறுநாள் மாதா கோயிலில் பூஜை முடிந்து வந்ததும், காகிதம் நனைந்துவிடும் என்று நட்சத்திரத்தை மட்டும் கழற்றி உள்ளே வைத்தேன். சுவிட்சைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கினேன்.

கீழேயிருந்து எனக்குச் சரியாகத் தெரியாது, நீ மேலே நின்று அழுக்கைக் காட்டு என்றேன். குறை காட்டுவது அவளுக்குப் பிடித்த வேலை. செருப்பு இல்லாமல் வந்து நின்றாள்.

"இங்ஙன இன்னும் இருக்கு, பாருங்க. சேலையெல்லாம் நனைச்சிட்டியளே. பம்பையாவது ஒழுங்காப் பிடிங்க. இதுக்கும் சாயபு வரணுமோ?"

வலது ஓரம் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். எட்டிப் பார்ப்பதற்காகக் கைப்பிடியைப் பிடித்தாள்.

பம்பின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. மீதிச் சுவரையும் கழுவி முடித்தேன். பாதி கழுவிய சுவர் கழுவாத சுவரைவிட அசிங்கம். பம்பை நிறுத்திய பிறகு ஏஞ்சலம்மாள்தான் மாடிக்குப் போய்ப் பார்த்தாள்.

இதை விபத்தாக எல்லோரும் நம்ப வேண்டும் என்றுதான் திட்டமிட்டேன். நம்பினார்கள். அளவுக்கு மீறி நம்பினார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் முதலில் சுவரைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"பாவம், வெறும் புஸ்தகப் படிப்பு. தண்ணியும் கரண்டும் சேரக்கூடாதுன்னு எங்க வீட்டுச் சின்னப் பிள்ளைக்குத் தெரியும்" என்றாள் ஏஞ்சலம்மாள். என் காதில் விழாது என்று நினைத்திருப்பாள். அறியாமல் செய்தவனை ஆண்டவர் மன்னிப்பார் என்று சாமியார் கல்லறையில் ஜெபித்தார். அத்தனை பேரும் ஆமென் சொன்னார்கள்.

இப்போது ரேடியோ கரகரத்தால் அணைத்துவிடுகிறேன்.

ஆகவே தெளிவாகச் சொல்கிறேன். மின்சாரம் எந்த வழியாகப் போகும், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் உடம்பு வழியாக எவ்வளவு பாயும் என்பதை முன்கூட்டியே கணக்குப் போட்டேன். யாரிடமும் கேட்கவில்லை. முதல் தடவையே சரியாக வந்தது. ஜெயசீலியைக் கொன்றது நான்தான்.

அப்துல் ரவூபை விடுவதும் விடாததும் உங்கள் விருப்பம். ஆனால் நீங்கள் எழுதிய அறிக்கையில் 'மின்சாரம் பற்றி எதுவும் அறியாத கணவர்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.