வழுக்கின பிளேட்டு

— ஒட்டின பிளேட்டு வேண்டாம்னு சொல்லிட்டேன் வேம்புலி. திரும்பத் திரும்ப அதையே எடுத்துக் காட்டுதீங்க.

— மண்ணூர்பேட்டையில எல்லா ஷெட்லயும் இதான் டீச்சர் போடறாங்கோ. பழைய தட்டு, மேல புது லைனிங்கு. அறுவத்தெட்டு மாடல் காரு உங்களுது. இருவத்திரெண்டு வயசாவுது. அதுக்கு இது போதும்.

— போதாது.

— மொதல்ல குந்துங்கோ. நின்னுகினே பேசறீங்கோ.

— இருக்கட்டும், நிக்கேன். கிளச்சுக்கு மொத்தம் எத்தனை சாமான், அதைச் சொல்லுங்க.

— மூணு. பிளேட்டு, அத்த அமுக்கிப் புடிக்கிற பிரஷர் பிளேட்டு, நீங்க பெடலை மிதிச்சா உள்ள போயி இடிக்குமே, அந்த பேரிங்கு. அவ்ளோதான்.

— மூணும் புதுசு வேணும்.

— பிரஷர் பிளேட்டு நல்லாதான் கீது டீச்சர். அத்த எதுக்கு சும்மா மாத்திகினு?

— நல்லா இருக்குன்னு இங்க நின்னு நீங்க சொல்லுதீங்க. தண்டவாளத்துக்கு நடுவுல வண்டி நின்னா நான் யார்கிட்ட கேக்க?

— ரயில்வே கேட்டுல நடந்தத கலியமூர்த்தி சொன்னாரு.

— கேட்கீப்பரா? என்ன சொன்னார்?

— சாராள் டீச்சர் வண்டி லைன் மேல நின்னுடிச்சி, நானும் ரெண்டு பால்காரங்களும் தள்ளினோம்னாரு. டீ குடிக்க வந்தப்போ.

— வேற?

— வேற இன்னா?

— வேற ஒண்ணும் சொல்லலையா?

— அவரு எங்க பேசினாரு. கிளாஸை கையில புடிச்சிகினு, டீயைக் குடிக்காமலே குந்திகினு இருந்தாரு. இன்னாதான் ஆச்சி டீச்சர்?

— செவ்வாய்க்கிழமை காலைல. எங்க வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரில கால் புண்ணுக்குக் கட்டு மாத்துற நாள்.

— சாருக்கு இன்னும் ஆறலையா?

— சக்கரை வியாதி மொதல்ல ரெண்டு கண்ணையும் எடுத்துச்சு. இப்ப காலைக் கேக்கு. பின்சீட்ல சாய்ச்சு உக்கார வச்சு, கட்டுப் போட்ட காலை சீட்டு மேல நீட்டி வச்சிருந்தேன். வெள்ளானூர் வீட்லேர்ந்து வண்டி நல்லாத்தான் வந்துச்சு. கேட்டை இறக்கப் போற நேரம். முந்திப் போயிரலாம்னு நுழைஞ்சேன். மேட்டுல ஏறும்போதே இஞ்சின் கத்துது, வண்டி ஏற மாட்டேங்கு. ஆக்சிலேட்டரை இன்னும் மிதிச்சேன். லைனுக்கு நடுவுல போய் நின்னுட்டு.

— கருகின வாசன வந்துதா?

— வந்துச்சு. கண்ணெல்லாம் எரிஞ்சுது. கியரை மாத்தி மாத்திப் போடுதேன். இஞ்சின் ஓடுது வேம்புலி, அதான் கொடுமை. இஞ்சின் ஓடுது, சக்கரம் சுத்தல. அப்ப கலியமூர்த்தி கத்துதார். திரும்பிப் பாத்தா வளைவுல ரயில் தெரியுது.

— ஆண்டவா.

— பின்னாடிலேர்ந்து அவர் கேக்கார், ‘ஏன் நிக்கோம் சாராள்?’னு.

— நீங்க இன்னா சொன்னீங்கோ?

— ஒண்ணும் இல்ல, இதோ போயிரலாம்னேன். பெடலை விட்டு விட்டு மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள அவங்க வந்து தள்ளிட்டாங்க. பின்சக்கரம் லைனை விட்டு இறங்குச்சு, ரயில் போச்சு. அந்தக் காத்துல வண்டியே ஆடுச்சு. இப்ப சொல்லுங்க, ஒட்டின பிளேட்டு போதுமா?

— வோணாம் டீச்சர். மூணும் புதுசு போட்ரலாம்.

— நாளைக்கு வெள்ளிக்கிழமை. திரும்பக் கட்டு மாத்தணும். போறதுக்கு வேற ரோடு கிடையாது, அதே கேட்டுதான். ரெண்டு நாளா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. கண்ணை மூடினா இஞ்சின் கத்துது.

— ஆட்டோல போவலாமே.

— அந்தக் காலை நீட்ட ஆட்டோல இடம் ஏது? அவர் இந்த வண்டியத் தவிர வேற எதுலயும் ஏற மாட்டார். கண்ணு மங்க ஆரம்பிச்சப்ப, அவர் வேலை பாத்த பாக்டரி மைதானத்துல வச்சு அவர்தான் எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுத்தார். அப்ப குவார்ட்டர்ஸ்ல இருந்தோம். கையை என் கை மேல வச்சுக்கிட்டே கியர் மாத்துவார். நான் ஓட்டினா அவருக்குப் பயமே கிடையாது.

— சார் அப்டித்தான். இங்க வந்தாகூட, ‘டீச்சர் ஓட்டறாங்க, எனக்கு இன்னா கொறச்சல்’னுவாரு.

— அதனால இந்தத் தடவை சாமானை நானே பாத்து எடுக்கணும். புதுசு எது, ஒட்டினது எது? எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிக் குடுங்க.

— உங்களுக்கு எதுக்கு டீச்சர் அதெல்லாம்? கையில கிரீஸ் ஆவும்.

— ஆகட்டும்.

— நான் பாத்துப் போடறேன். எம்மேல நம்பிக்க இல்லியா?

— இருபது வருஷமா கணக்குப் பாடம் எடுக்கேன் வேம்புலி. விடையைக் கையால மறைக்கிற பிள்ளை எதுன்னு எனக்குத் தெரியும். சொல்லுங்க.

— சரி, இத்தப் பாருங்கோ. நடுவுல வட்டமா ஸ்பிரிங்கு கீதா? புது பிளேட்டுல அது அசையாது. வெரலால தள்ளிப் பாருங்கோ.

— அசையல.

— அப்பால, இந்த நடு ஓட்டை. உள்ளாற பல்லு கீதே, அது புதுசுல கூர்மையா இருக்கும். ஓடின தட்டுல மழுங்கிப் போயிருக்கும். ஸ்பிரிங்கு கலகலன்னு ஆடும். மேல எத்தினி நல்ல லைனிங்கு ஒட்னாலும் இந்த ரெண்டையும் மறைக்க முடியாது.

— என் வண்டிலேர்ந்து கழட்டினது எங்க?

— அது எதுக்கு? எரிஞ்சி போனது.

— அந்தச் சாக்கு மேல கிடக்கே, அதுவா?

— டீச்சர், அத்த எடுக்காதீங்கோ.

— கிறிஸ்மஸுக்கு முன்னாடி புதுசுன்னு சொல்லிப் போட்டீங்களே, அது இதுதானே?

— டீச்சர்.

— ஆடுது வேம்புலி. ஸ்பிரிங் எல்லாம் ஆடுது. பல்லும் மழுங்கியிருக்கு. ஆறு மாசத்துல இப்படித் தேயுமா?

— தேயாது.

— அப்ப இது?

— பழசுதான். ஒட்னது. அன்னிக்கு ஊரெல்லாம் பந்த், ஒரு கடை தொறக்கல. சாருக்கு நாளைக்கு ஆஸ்பத்திரி, வண்டி இன்னிக்கே வோணும்னு நீங்க நின்னீங்கோ. கையில இருந்தத ஒட்டிப் போட்டேன். கடை தொறந்ததும் மாத்திடலாம்னுதான் நெனச்சேன், மெய்யாலுமே. புதுசான்னு கேட்டீங்கோ. ஆமான்னு வாயி சொல்லிடிச்சி. அப்பால கூப்ட்டு மாத்தினா பொய்யி வெளிய வந்துடும். இன்னிக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போட்டுகினே இருந்துட்டேன்.

— ஆறு மாசம்.

— கலியமூர்த்தி வந்து சொன்னதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கல. வாசல்ல ஜீப்பு சத்தம் கேட்டா போலீசுன்னு எழுந்து போயி பாக்கறேன். இன்னிக்கு நீங்க வந்து நின்னதும் அதுக்குத்தான்னு நெனச்சேன்.

— அதுக்கு வரல.

— ஸ்டேசனுக்கு வான்னா வரேன் டீச்சர். ஓட மாட்டேன். ரெண்டு உசுரு. ரெண்டு உசுரு அந்த வண்டியில இருந்துச்சி.

— ஒண்ணு.

— இன்னா?

— ஒரு உயிர்தான் இருந்துச்சு வேம்புலி. நான் இறங்கி ஓடிட்டேன்.

— பெடலை மிதிச்சிகினே இருந்தேன்னு சொன்னீங்கோ.

— பொய். ரயிலைப் பாத்ததும் என் கை கதவைத் திறந்துட்டு. எப்படி இறங்கினேன், எந்தப் பக்கம் ஓடினேன், ஒண்ணும் ஞாபகம் இல்ல. மரத்தடில போய் நின்னுதான் திரும்பிப் பாத்தேன். ஜன்னல் கண்ணாடி வழியா அவர் முகம் தெரியுது. வாய் அசையுது. என்கிட்டத்தான் பேசிக்கிட்டிருக்கார். பதில் சொல்ல வண்டில ஆள் இல்ல.

— பயத்துல யாருக்கும் அப்டி ஆவும் டீச்சர்.

— கலியமூர்த்தி கையை உள்ள விட்டு நியூட்ரல் தட்டி, மூணு பேருமா தள்ளினாங்க. ரயில் போனப்புறம் வந்து சீட்ல உக்காந்தேன். ‘சரியாயிட்டு’ன்னேன். அவரும் ‘சரி’ன்னார். அவ்வளவுதான் பேசினோம்.

— அப்ப சாருக்குத் தெரியாது.

— அப்படித்தான் நினைச்சுக்கிட்டிருந்தேன். யாராவது சொல்லிருவாங்களோன்னு ரெண்டு நாளா செத்துப் பிழைச்சேன். ஆனா அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருக்கு. நாளைக்கும் வண்டி நின்னா, நாளைக்கும் இந்தக் கை கதவைத் திறக்கும். நிச்சயமாத் தெரியும். ஜெபம் பண்ணிப் பாத்துட்டேன், மாறல. அதான் மூணும் புதுசு வேணும்கேன்.

— நீங்களே பாத்து எடுங்கோ டீச்சர். மூணு சாமானும் என் செலவு. நாளைக்கு நானும் வண்டியில குந்திகினு வரேன், கேட்டு தாண்டற வரைக்கும். வண்டியில ஏதோ சத்தம் கீது, கேட்டுப் பாக்கணும்னு சாருகிட்ட சொல்லிக்கலாம். அவருக்கு ஒண்ணும் தெரிய வோணாம்.

— இன்னைக்குக் காலைல நான் இங்க கிளம்பும்போது கூப்பிட்டார் வேம்புலி. பக்கத்துல வரச் சொல்லி என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

— இன்னா சொன்னாரு?

— ‘நாளைக்கு வெறுங்காலோட வண்டி ஓட்டாத சாராள், செருப்பைப் போட்டுக்கோ. அந்த ஜல்லில ஓடிட்டு ரெண்டு நாளா நொண்டி நொண்டி நடக்கே’ன்னார்.